அந்தப் பாட்டில் வரும் காற்று

வேலுவின் ‘கதவு’ பாட்டு முடியும்போது ஒரு காற்று எழும்புமே, அதை எந்த மலையில் பிடித்தார்கள் என்று கேட்டு ஆட்கள் வருவது எனக்குப் பழகிப்போன விஷயம். முன்பு லோரி ஓட்டுநர்கள் கேட்டார்கள். இப்போது தலைமுடிக்குச் சாயம் பூசிய பிள்ளைகள் கேட்கிறார்கள். பிரிஞ்சாங் மலை உச்சியில்தான் என்று சிலர் அவர்களாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். நானும் “அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அறுபத்தெட்டு வயதில், முட்டிவலியோடு வாசலில் நிற்கிறவனுக்கு அதைவிட நீளமாகப் பதில் சொல்லத் தெம்பில்லை.

போன மாதம் தர்ஷினி வந்தாள். நான் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த அதே தேயிலைத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிற பெண். வேலு இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறதாம். கம்போங் ராஜா மண்டபத்தில் நினைவு நிகழ்ச்சி வைக்கிறார்களாம், நினைவு மலர் ஒன்றும் அச்சடிக்கிறார்களாம்.

“அங்கிள், நீங்க அவரோட ஒரே எஸ்டேட்ல இருந்தவரு. ஒங்க வேலயப் பத்தியும் அவரப் பத்தியும் நாலு பக்கம் எழுதிக் குடுங்க லா. மேடையில ஒங்களுக்குப் பொன்னாடையும் போடறோம்” என்றாள்.

பிறகு கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். யாரோ ஓர் இளைஞன் கித்தாரோடு ‘கதவு’ பாடுகிறான். பாட்டு முடியும் இடத்தில் “போடுடா!” என்று கத்துகிறான். கூட்டமும் சேர்ந்து கத்துகிறது. உடனே அவன் தலையைத் திருப்பி மண்டபத்தின் வாசலைப் பார்க்கிறான். கீபோர்டில் காற்று எழும்புகிறது.

“இது வேலு ஸ்டைல் அங்கிள். எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க. திரும்பிப் பாக்கலன்னா கூட்டம் விடாது.”

நான் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுதித் தருகிறேன் என்றேன். பொன்னாடையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பத்தொன்பது வயதில். ஒரு வருடம் உரமூட்டை தூக்கினேன், இரண்டு வருடம் தொழிற்சாலைக்கு விறகு தள்ளினேன். நாலாவது வருடம் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். பறித்துவந்த கொழுந்தை வாட்டுகிற இடம் அது. நீளமான தொட்டிகள், அடியில் கம்பிவலை, அதன்மேல் கொழுந்து. தொட்டியின் தலைமாட்டில் ஆள் உயரக் காற்றாடி. அது கீழிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும், சூடாகும். காற்று நின்றால் அது தன் சூட்டிலேயே வெந்து சிவந்துவிடும். அந்தக் கொழுந்தை எந்தச் சாமி வந்தாலும் தேயிலையாக்க முடியாது. மேல்மாடியில் படிக்கவேண்டிய பாடம் இந்த ஒன்றுதான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சிவசம்பு ஐயா.

அவர் தொழிற்சாலையின் டீமேக்கர், தேயிலைப் பக்குவமெல்லாம் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துப் பரம்பரை. அவருடைய தாத்தா காலத்திலேயே மலாயாவுக்குக் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக வந்தவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் வாயில் அந்தப் பேச்சு மாறவில்லை. எங்களை ‘நீர்’ என்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. துரை கத்தினால்கூட இரண்டு நாளில் மறந்துவிடும், இவர் மெதுவாகக் கேட்பது வருடக்கணக்கில் வயிற்றில் கிடக்கும். வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். தொட்டிக்குத் தொட்டி நிற்பார். ஒரு பிடி கொழுந்தை அள்ளி, கைக்குள் வைத்து இறுக்கிப் பிழிவார். கையை விரித்து, அது எப்படி விரிகிறது என்று பார்ப்பார். சட்டென்று துள்ளி விரிந்தால் இன்னும் வாடவில்லை. சோம்பல் முறிக்கிற பூனை மாதிரி மெல்ல விரிந்தால் சரி. பிறகு முகர்வார். பச்சைப்புல் வாசம் போய்க் கொய்யாப்பழ வாசம் வரவேண்டும். அதற்கப்புறம்தான் தொட்டியில் தொங்கும் சிலேட்டைப் பார்ப்பார். கொழுந்து ஏறிய நேரம், காற்றாடி போட்ட நேரம், நிறுத்திய நேரம் எல்லாம் நான் அதில் எழுதிவைக்க வேண்டும். கை சொன்னதும் சிலேட்டு சொல்வதும் ஒத்துப்போனால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவார். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்பார். அவ்வளவுதான், நின்றுகொண்டே இருப்பார். அதுவே போதும், எனக்கு வேர்த்துவிடும்.

வேலு கொழுந்து லோரி ஓட்டினான். என் வயதுதான், என் கூட்டாளி. கொழுந்து பறிக்கிற டிவிஷனிலிருந்து மூட்டைகளைக் கொண்டுவந்து மேல்மாடிக்கு ஏற்றிவிட்டு, அடுத்த நடைக்குப் போகும்வரை தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பாடுவான். துரைமார் கிளப்பில் தூக்கிப்போட்ட ஒரு பழைய கித்தார் அவனிடம் இருந்தது. அந்தக் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் போட்டுக் கேட்ட கௌபாய் மாட்டுக்காரப் பாட்டுகளை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டே விரல் பழகியவன். மெட்டு அந்தப் பக்கத்து வாசனை, பேச்சு எங்கள் லயத்து வீடுகளின் பேச்சு. கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு கேட்பார்கள். கித்தாரை உறையில் போட்டுவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவான். கோயில் திருவிழாவில் அம்மன் பாட்டு பாடச் சொன்னால், அம்மனுக்கு வாங்கிய எண்ணெய் யார் வீட்டு அடுப்பில் எரிகிறது என்று பாடுவான். இரண்டு எஸ்டேட் கோயில் கமிட்டிகள் அவனை மைக் பக்கமே வரக்கூடாது என்று தீர்மானம் போட்டன. அதை வைத்தும் ஒரு பாட்டு கட்டினான்.

ஈப்போவில் கேசட் போடுகிற ஒரு முதலாளி கூப்பிட்டார் என்று ஒருநாள் போனான். சாயங்காலமே திரும்பிவிட்டான்.

“என்னடா ஆச்சு?”

“வயலின் வக்கிறாங்களாம், தபேலா வக்கிறாங்களாம். ‘கம்பெனி’ங்கற வார்த்தைய எடுத்துட்டு ‘காலம்’னு போடணுமாம். எம்பாட்டுக்குப் பவுடர் பூசாதீங்க தவுக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவன் கித்தாரைத் தொடவில்லை. ஒரு கேசட்டாவது போட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் நான் வாயை விட்டேன். “மேல்மாடியில புடிக்கலாம் வேலு. ரெண்டு பக்கமும் கொழுந்து. எதிரொலியே இருக்காது.”

அது உண்மைதான். காலி மாடியில் கைதட்டினால் கூரை திருப்பித் தட்டும். தொட்டி நிறையக் கொழுந்து இருந்தால் சத்தம் அதற்குள் போய் அடங்கிவிடும். ஒரே ஒரு தொல்லை காற்றாடி. அது ஓடினால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஒரு மணி நேரம் நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மலைக்குளிர், வெளியே பனிமூட்டம், நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். குளிரில் கொழுந்து எங்கே சூடாகப் போகிறது என்று கணக்குப் போட்டேன். மூன்று வருடம் அந்தத் தொட்டிகளோடு கிடந்தவன் போட்ட கணக்கு இது. வெளிக்குளிர் நம் உடம்புக்குத்தான், நெருக்கி நிரப்பிய கொழுந்துக்கு இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. கூட்டாளிக்குச் செய்துகொடுக்கிற சந்தோஷத்தில் அதை ஒதுக்கிவைத்தேன்.

சிவசம்பு ஐயா பெரிய ஆபீசுக்குப் போன ஒரு பிற்பகல் அது. காலையில் மழை. ஈரக்கொழுந்து, அதுவும் விடுமுறைக்கு மறுநாள் என்பதால் தொட்டிகளில் வழக்கத்தைவிட உயரமாக நிரப்பியிருந்தோம். தானா ராத்தாவில் ஒரு கடைக்காரரிடம் இரவல் வாங்கிய ரெக்கார்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். நான் சுவிட்சை அடைத்தேன். காற்றாடிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. சிலேட்டில் நிறுத்திய நேரத்தை எழுதவில்லை.

இரண்டு பாட்டு ஆனது. பிறகு கித்தாரில் ஒரு கம்பி அறுந்தது. அதைக் கட்டி, சுதி சேர்த்து, முதல் பாட்டு சரியில்லை என்று மறுபடி பாடி, கேசட்டைத் திருப்பிப் போட்டு என்று இழுத்துக்கொண்டே போனது. ‘கதவு’ ஆரம்பிக்கும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் மணி பார்க்கவில்லை. அவன் பாடியதை நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள்.

கதவுக்கு நான் அடிச்ச பெயிண்டு
காயறதுக்கு முன்னால
கம்பெனி வீடுன்னு சொன்னான்
கைய எடுன்னு சொன்னான்

எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. இதைக் கேட்டு அழுகிறவர்கள் எல்லாம் வேலை போன மறுவாரம் சாமான் கட்டியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அன்றைக்கு நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா கையைத் தொட்டிக்குள் விட்டேன். கொழுந்து காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு மாதிரிச் சுட்டது.

அப்படியே எழுந்து சுவிட்சுப் பக்கம் ஓடினேன். பாதி வழியில் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தேன். கடைசி இரண்டு வரி பாக்கி. காற்றாடியைப் போட்டால் பாட்டு கெட்டது. போடாவிட்டால் கொழுந்து கெட்டது. வேலு என் முகத்தைப் பார்த்தான். விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. வரிக்கு நடுவிலேயே “போடுடா” என்றான்.

போட்டேன். காற்றாடிகள் உறுமி எழும்பின. அவன் பாட்டை நிறுத்தவில்லை. காற்றுக்கு மேல் குரலை ஏற்றினான், ஏற்றிக்கொண்டே போனான். கடைசி வரி காற்றுக்குள் போய் மறைகிறதா, காற்றே பாடுகிறதா என்று தெரியாத மாதிரி முடிந்தது. மலை உச்சியில் பிடித்த காற்று என்று நீங்கள் சொல்வது இதைத்தான். வாட்டுமாடியின் நாலு காற்றாடி. பயந்துபோன ஒருவன் தாமதமாகப் போட்டது.

மறுநாள் காலையில் சிவசம்பு ஐயா தொட்டிக்கு வந்தார். அள்ளினார், பிழிந்தார். விரித்த கையில் கொழுந்து விரியவே இல்லை. ஓரமெல்லாம் சிவப்பு. முகர்ந்தார். சிலேட்டைப் பார்த்தார். அதில் காற்றாடி நிற்கவே இல்லை என்று என் கையெழுத்து சொன்னது. அவர் நின்றார்.

அதற்குள் துரைக்குத் தகவல் போயிருந்தது. வேலு பிற்பகல் முழுக்க மாடியில் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. எங்கள் இருவரையும் ஆபீசில் நிறுத்தினார்கள். துரை யார் சுவிட்சைத் தொட்டது என்று கேட்டார். என் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். கல்யாணமாகி எங்களுக்குக் கொடுத்த வீட்டுக்குள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் வாயைத் திறக்கத்தான் போனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நாந்தான் தொரை. இவன் டீ குடிக்கப் போயிருந்தான். பாட்டு புடிக்கணும்னு நாந்தான் அடச்சேன்” என்றான் வேலு.

சிவசம்பு ஐயா என் பக்கம் திரும்பினார். “உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?”

 அவர் காத்திருந்தார். மறுபடி அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். “இல்லீங்க ஐயா” என்றேன்.

அந்த வாரமே வேலுவுக்கு வேலை போனது. வீடு அவன் பேரில் இருந்தது. அவனுடைய அக்கா லெட்சுமி, புருஷனை இழந்தவர், அவனோடுதான் இருந்தார். அவருக்கு எஸ்டேட்டில் நிரந்தர வேலை இல்லை, ஆகவே அவருக்கும் வீடில்லை. சாமானை ஒரு காய்கறி லோரியில் ஏற்றினார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேலு கதவைச் சாத்திவிட்டு, ஒரு கணம் கையை அதன்மேல் வைத்திருந்தான். கீழே இறங்கிப் போய் ஒரு மூட்டை தூக்கிக் கொடுத்திருக்கலாம். கொழுந்து ஏறுகிற நேரம் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். அவன் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் லோரி ஓட்டினான். அந்தக் கேசட்டைக் கூட்டாளிகள் பிரதி எடுத்தார்கள். பேரா பக்கமும் கிளந்தான் பக்கமும் முட்டைக்கோஸ் போன இடமெல்லாம் அதுவும் போனது. ரேடியோவிலிருந்து ஆள் வந்து இரண்டு வரியை மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றான். மார்க்கெட்டில் அனுமதி வாங்காமல் பாடியதற்கு ஒரு பகல் முழுக்கப் பூட்டி வைத்தார்கள், உள்ளேயும் பாடினானாம். லெம்பா பெர்த்தாமில் மண்வெள்ளம் வந்த சமயம் நிவாரண மேடையில் நன்றிப்பாட்டு பாடக் கூப்பிட்டார்கள். “மொத சேத்த வழிச்சிட்டு அப்புறம் பாடறேன்” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று கேள்வி. எல்லாமே எனக்குக் கேள்விதான். அவனுடைய நிகழ்ச்சி ஒன்றுக்கும் நான் போனதில்லை. சாலையில் அவன் லோரியைக் கண்டால் கடைக்குள் ஒதுங்கியிருக்கிறேன்.

இசையில் அவனுடைய தாக்கம் என்ன என்று எழுதச் சொன்னாள் தர்ஷினி. எனக்கு இசை தெரியாது. என் வீட்டுக்குப் பின்னால் பங்களாதேஷிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் துணி துவைக்கும்போது அந்த மெட்டை விசிலடிக்கிறார்கள், அது தெரியும். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கதவில் கைவைத்துவிட்டுப் போகிறார்கள், அதுவும் தெரியும்.

நான் வேலையில் தொடர்ந்தேன். மேல்மாடிக்கே மேற்பார்வையாளன் ஆனேன். சிவசம்பு ஐயா அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் என் தொட்டிகளில் அவர் சிலேட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கையை மட்டும் நம்பினார். மற்றவர்கள் சிலேட்டைப் பார்ப்பார், என்னுடையதைத் தாண்டிப் போவார். அவர் ஓய்வு பெறும்வரை பதினோரு வருடம் நான் நாள் தவறாமல் சரியான நேரத்தை எழுதிவைத்தேன். அவர் படிக்கவில்லை. போகிற அன்று எல்லாரிடமும் கைகொடுத்து விடைபெற்றார். என் முறை வந்தபோது கையை விடாமல் கேட்டார்: “உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?”

“ஒடம்பப் பாத்துக்குங்க ஐயா” என்றேன்.

இப்போது மாடியில் சூட்டை அளக்கிற கருவி வைத்துவிட்டார்கள். காற்றாடி நின்றால் அதுவே கத்தும். நல்லதுதான்.

தர்ஷினி வந்துபோன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். அவளிடம்கூட நான் சொன்னதில்லை. முதல்முறையாகச் சொன்னேன். என் தட்டை எடுத்துக் கழுவிவைத்தாள். பிறகு, “நீங்க எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? போவவேண்டிய எடத்துக்குப் போங்க” என்றாள்.

போன வாரம் பஸ் ஏறிக் கம்போங் ராஜா போனேன். லெட்சுமி அக்கா சந்தைக்கு முன்னால் பூக்கடை வைத்திருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். சாமந்திக் காம்பை நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆறுமுகமா? வா. பசியாறிட்டியா?”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமுடியாது என்று தெரியும். “அக்கா, அன்னிக்கு மாடியில சுவிட்ச அடச்சது…”

“நீதான். தெரியும்.” கத்தரிக்கோல் நிற்கவில்லை.

“எப்ப தெரியும்?”

“சாமான் கட்டற அன்னிக்கே சொல்லிட்டான். ‘அவன் பொண்டாட்டிக்கு எட்டு மாசம்க்கா, வெளிய தள்ளிட்டா எங்க போவா’ன்னான். எனக்கு மட்டும் போக்கிடம் இருந்துச்சா? ரெண்டு வருஷம் ஒன் பேரச் சொன்னாலே எழுந்து போயிருவேன்.”

“அவனுக்குக் கோவம் இல்லியா அக்கா?”

“இல்லாம? நீ வாயத் தொறக்காததுக்கு இல்ல. அது பயம், போவுது. அதுக்கப்புறம் ஒருவாட்டிகூட வந்து பாக்கலியே, அதுக்குத்தான்.” காம்புகளைக் கூட்டி வாளியில் போட்டார். “அந்தப் பாட்டு பாடற புள்ளைங்க வாசப் பக்கம் தலையத் திருப்புதுங்களே, பாத்தியா? ஏன்னு தெரியுமா?”

“ஸ்டைலுன்னு சொன்னாங்க.”

“ஸ்டைலா?” அக்கா சிரித்தார், சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. “பக்கத்துல ஒக்காந்து எத்தன கச்சேரி பாத்துருக்கேன். அந்த எடம் வந்தா ‘போடுடா’ன்னு சொல்லிட்டு வாசலப் பாப்பான். நீ வந்து நிக்கிறியான்னு பாப்பான். கடைசி கச்சேரி வரைக்கும் பாத்தான்.”

அங்கேயே, பூ வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். 

தர்ஷினி, நாலு பக்கத்தைத் தாண்டிவிட்டது, வெட்டாமல் போடு. பொன்னாடை வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் லெட்சுமி அக்காவுக்குப் போடுங்கள். எனக்கு மேடையில் நாற்காலியும் வேண்டாம். முட்டி ஒத்துழைத்தால் அன்றைக்கு நான் வாசலில் நிற்கிறேன். அந்த இடம் வரும்போது உங்கள் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா, அப்போது அங்கே ஆள் இருக்கும்.